மஞ்சள் படாத வரிகள்

அந்த வக்கீல் ஆபீசில் சேர்ந்தபோது மேடம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு வேலை. கம்ப்யூட்டரில் நீளமாக ஒரு பெட்டி இருக்கும். அவர் சொல்லும் இங்கிலீஷ் வார்த்தைகளை அதில் தட்ட வேண்டும். தட்டினால், நாட்டின் எந்தெந்தக் கோர்ட்டிலோ எப்போதோ எழுதிய தீர்ப்புகளில் அந்த வார்த்தைகள் எதிலெல்லாம் இருக்கின்றனவோ அதெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஒன்றைத் திறந்தால் நாம் கேட்ட வார்த்தைகள் மட்டும் மஞ்சளில் தெரியும். மேலே ஒரு அம்புக்குறி. அதை அழுத்தினால் அடுத்த மஞ்சளுக்குத் தாவும். இன்னொரு தரம் அழுத்தினால் அதற்கடுத்தது. நடுவில் இருக்கும் பக்கங்கள் ரயில் ஜன்னலுக்கு வெளியே போகிற கரண்ட் கம்பங்கள் மாதிரி ஓடிவிடும். அவற்றை யாரும் பார்ப்பதில்லை.

எட்டாம் வகுப்பில் படிப்பை விட்டவன் நான். அதற்குப் பிறகு ஓசூரில் லாரி கிளீனர், கோலாரில் தக்காளி மண்டி, சிவாஜிநகரில் பழைய இரும்புக் கடை என்று சுற்றினேன். எந்த இடத்திலும் கால் தரிக்கவில்லை. துரத்தியது பாதி, நானே கிளம்பியது பாதி. கடைசியில் பெங்களூர் கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் வந்து நின்றேன். டைப்படிக்கப் பழகியது அங்கேதான். இங்கிலீஷ் எழுத்து தெரியும், கூட்டி வாசிக்கவும் வரும். அர்த்தம்தான் பாதிக்கு மேல் தெரியாது. மேடத்திடம் ஜூனியர் வக்கீல்கள் தங்குவதில்லை. வருவார்கள், பெரிய ஆபீசில் இடம் கிடைத்ததும் போய்விடுவார்கள். ஜெராக்ஸ் எடுக்க வந்த மேடம் ஒரு நாள் நான் தட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“ஏனப்பா, கை இவ்ளோ பேகா ஓடுது? என் ஆபீசுக்கு வந்துடு” என்றார். பேகா என்றால் வேகமாக.

போனேன். மேடம் கன்னடக்காரர், வீடு மல்லேஸ்வரத்தில். கட்சிக்காரர்களில் தமிழர்கள் நிறைய என்பதால் தமிழ் நன்றாகவே பேசுவார். அவசரம் வந்தால் மட்டும் நடுவில் கன்னடம் வந்து விழும்.

வேலை சீக்கிரமே பிடிபட்டது. ஒரே ஒரு வார்த்தையைத் தட்டினால் ஆயிரக்கணக்கில் வந்து குவியும். அதிகமாகச் சேர்த்தால் ஒன்றுமே வராது, வெள்ளையாக இருக்கும். ரெண்டுக்கும் நடுவில் எங்கோ நமக்கு வேண்டியது இருக்கும். அதற்காக ஒரு வார்த்தையை எடுத்து, இன்னொன்றைப் போட்டு, முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். தட்டத் தட்ட அந்த வார்த்தைகளின் அர்த்தம் எனக்குத் தானாகத் தெரிந்துவிட்டது. வெளியேற்றம், பணிநீக்கம், கொடுமை, பாக்கி, அங்கஹீனம், மரணம். அந்தப் பெட்டியில் நல்ல வார்த்தை எதையும் யாரும் என்னைத் தட்டச் சொன்னதில்லை. நாள் முழுக்க அதையே தட்டிவிட்டு வெளியே வந்தால், பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்களைப் பார்க்கும்போது இவர் எந்த வார்த்தையில் வருவார் என்று தோன்றும். அது நல்ல பழக்கம் இல்லை.

அப்போது நான் நீலசந்திராவில், ஒரு மொட்டைமாடியில் ஷீட் போட்ட ரூமில் ரெண்டு பேரோடு தங்கியிருந்தேன். கீழே அதே சந்தில் ஒற்றை அறை வீடு ஒன்றில் ஒரு அக்கா இருந்தார். மூன்று நான்கு வீடுகளில் சமையல் வேலை. அவருடைய புருஷன் கட்டட மேஸ்திரி. சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதில் ஆள் பிழைத்துக்கொண்டார், ஞாபகம் போய்விட்டது. சுத்தமாகப் போகவில்லை. பழைய விஷயங்கள் இருந்தன. அந்த வீடும் அந்தத் தெருவும் இருந்தன. புதிதாக எதுவும் ஏறாது. காலையில் சொன்ன பெயர் மதியம் இருக்காது.

அக்கா வேலைக்குப் போன பிறகு அவர் கிளம்புவார். டீக்கடை வரை போவார், மசூதி மூலைக்குப் போவார், சில நாள் சர்ச் பக்கம் போய் சுவரைத் தடவிப் பார்த்து, பூச்சு சரியில்லை என்று யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பார். போகிறவரைத் தெரு திருப்பி அனுப்பும். டீக்கடைக்காரர் கை காட்டி விடுவார். அங்கிருந்து நடந்தால் இஸ்திரி வண்டிக்காரர் பிடித்துத் திருப்புவார். மசூதி மூலையில் கறிக்கடை பாய் கத்தியைக் கீழே வைக்காமலே சத்தம் போடுவார்: “ஏ மேஸ்திரி! கர் ஜாவ், கர் ஜாவ். உங்க வூடு அந்தாண்ட.” அவரும் சரி என்று திரும்பி, சந்துக்குள் வந்து, தன் வீட்டு வாசலைப் பார்த்ததும் தானே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விடுவார். ஒரு நாள்கூடப் பக்கத்து வீட்டு வாசலில் கழற்றியதில்லை.

அந்த வீட்டைத்தான் காலி செய்யச் சொல்லிக் கேஸ். வீட்டுக்காரரும் தமிழர்தான், கெட்டவர் என்று சொல்ல முடியாது. மகள் கல்யாணம் ஆகி மாப்பிள்ளையோடு வந்துவிட்டாள், இடித்து மேலே கட்ட வேண்டும் என்றார். கீழ்க்கோர்ட்டில் அவர் பக்கம் தீர்ப்பாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் அக்கா ஒரு நாள் மாடிப்படி ஏறி வந்து என்னைக் கேட்டார்.

“தம்பி, நீ கோர்ட்லதானே வேலை செய்றே?”

“கோர்ட்ல இல்லக்கா. வக்கீல் ஆபீஸ்ல.”

“எல்லாம் ஒண்ணுதான். எனக்கு வேற வூடு கெடைக்காதுன்னு இல்ல தம்பி. எங்கயாச்சும் ஒரு ரூம் கெடைக்கும். இந்த வூட்டை வுட்டா அந்தாளுக்குத் திரும்பி வர வழி தெரியாது. அவ்ளோதான். அதை அங்க யார்கிட்ட சொல்றது?”

மேடத்திடம் அழைத்துக்கொண்டு போனேன். மேடம் பேப்பர்களைப் புரட்டிவிட்டு, ஹைகோர்ட்டுக்குப் போகலாம், ஆனால் கஷ்டம் என்றார். வீட்டுக்காரரின் தேவை நிஜமான தேவையாக இருந்தால், குடியிருப்பவரின் கஷ்டத்தை ஜட்ஜ் எவ்வளவு தூரம் பார்ப்பார் என்று சொல்ல முடியாது. பழைய தீர்ப்பு ஒன்று கையில் இருந்தால் பேசலாம். இதே மாதிரி ஒரு பொம்பளை, இதே மாதிரி உடம்பு சரியில்லாத புருஷன், அவர்களை அந்த வீட்டிலேயே இருக்கவிட்ட ஒரு ஜட்ஜ். “நோடோணா” என்றார். பார்க்கலாம் என்று அர்த்தம்.

“எங்கம்மா பாப்பீங்க?” என்று கேட்டார் அக்கா.

மேடம் என்னைக் காட்டினார். “இவன்தான் தேடணும்.”

அன்றிலிருந்து தேடினேன். மற்ற கேஸ்களின் வேலைக்கு நடுவே கிடைக்கிற நேரத்தில் குடியிருப்பவர், கஷ்டம், நோயாளி, கணவன் என்று மேடம் எழுதிக் கொடுத்த வார்த்தைகளை மாற்றி மாற்றித் தட்டினேன். அந்த வாரங்களில் வந்து நின்றவர்களை இன்னும் மறக்கவில்லை. காசநோய்க்காரர் ஒருவர், கண் தெரியாத தையல்காரர் ஒருவர், படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு பெரியவர், அவரைத் தூக்கிக்கொண்டு படி ஏற முடியாது என்று சொன்ன மருமகள். ஒவ்வொருவரும் ஒரு தீர்ப்பின் நடுவில் ரெண்டு மூன்று வரி இருப்பார்கள். கடைசிப் பக்கத்துக்குப் போனால் தள்ளுபடி என்று இருக்கும். அந்த ஒரு வார்த்தை எனக்கு நன்றாகத் தெரியும். அதைப் பார்த்ததும் மூடிவிட்டு அடுத்ததைத் திறப்பேன்.

அக்கா சமையல் வேலை முடித்து வரும் வழியில் அடிக்கடி ஆபீசுக்கு ஏறி வருவார். அவருக்கு அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று நான் சொன்னது ஒரே தரத்தில் புரிந்துவிட்டது. வந்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு அதைத்தான் கேட்பார்.

“என்னை மாதிரி யாராச்சும் கெடைச்சாங்களா தம்பி?”

“கெடைக்கிறாங்கக்கா. ஜெயிச்சவங்கதான் கெடைக்கல.”

“தோத்தவங்க எத்தினி பேரு?”

“நெறைய.”

“அப்ப அவங்கள்லாம் என்னை மாதிரி இல்ல. நல்லாத் தேடு” என்பார். சில நாள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நான் அம்பை அழுத்துவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். திரையில் மஞ்சள் தாவத் தாவ அவர் தலையும் கூடவே ஏறி இறங்கும். ஒரு தரம் மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் ஆபீஸ் சுவரில் இருந்த ஈரக்கசிவைக் காட்டி, “இதை இப்பிடியே வுடாதீங்கம்மா, உள்ள கம்பி துருப்பிடிக்கும்” என்று மேடத்திடம் சொன்னார். மேடம் சிரித்துவிட்டு, “பில்டர்கிட்ட நீங்களே சொல்லுங்க மேஸ்திரி, நான் சொன்னா கேக்கறதில்ல” என்றார். கீழே இறங்கி ரோட்டுக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டார். வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். அக்காவின் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டார். நீலசந்திராவில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. அக்கா என்னைப் பார்த்தார்.

ஹைகோர்ட்டில் கேஸ் வருவதற்குச் சில நாள் முன்னால் அது கிடைத்தது. மேடமே பக்கத்தில் இருந்தார். ஒரு வார்த்தையை எடுத்துவிட்டு வேறொன்று போடச் சொன்னார். வந்ததில் நான்காவதோ ஐந்தாவதோ திறந்தேன். மஞ்சள் ஒரே இடத்தில் கொத்தாக இருந்தது. ஒரு பத்தி முழுக்க நாங்கள் கேட்ட வார்த்தைகள். மேடம் மூக்குக்கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு குனிந்தார்.

“சிக்து!” என்று கையைத் தட்டினார். கிடைத்துவிட்டது.

அந்தப் பத்தியை அக்காவுக்கு மேடம் தமிழில் சொன்னார். நோயாளிக் கணவனோடு பல காலம் ஒரே வீட்டில் வாழ்ந்த பெண்ணை வெளியே அனுப்பினால் அவளுக்கு ஆகும் கஷ்டம், வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் வசதியைவிட மிகப் பெரியது. அந்த மனிதர் அந்த நாலு சுவரை நம்பித்தான் உயிரோடு இருக்கிறார். சட்டம் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அப்படியே தன்னைப் பற்றி எழுதியிருக்கிறார்களே என்றார்.

“அந்தம்மா எந்த ஊரு?”

மேடம் ஏதோ வட நாட்டுப் பெயர் சொன்னார்.

“நல்லா இருக்கட்டும்” என்றார் அக்கா.

தீர்ப்பை முழுதாக மூன்று செட் பிரிண்ட் எடுத்தேன். ஒன்று ஜட்ஜுக்கு, ஒன்று எதிர்த்தரப்புக்கு, ஒன்று எங்களுக்கு. மஞ்சள் இருந்த பக்கத்தின் ஓரத்தில் சின்னக் கலர் காகிதம் ஒட்டினேன். எங்கள் ஆபீசில் அதுதான் வழக்கம். கோர்ட்டில் எழுந்து நின்றதும் விரல் நேராக அந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும். மேடத்துக்கு அன்றைக்கு வேறு ரெண்டு கோர்ட்டில் வேலை இருந்தது. மற்ற பக்கங்களை அவர் புரட்டவில்லை. நான் புரட்டினால் எனக்குப் புரியாது. கடைசிப் பக்கம் பார்த்தேன். தள்ளுபடி என்ற வார்த்தை அங்கே இல்லை. கீழ்க்கோர்ட் உத்தரவில் தலையிடவில்லை என்கிற மாதிரி வேறு ஏதோ வார்த்தைகளில் முடிந்திருந்தது. அந்த ஊரில் கீழ்க்கோர்ட் யாருக்குச் சாதகமாகச் சொல்லியிருந்தது என்று கேட்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

கேஸ் நாளில் அக்கா ரெண்டு வீட்டு வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். மேஸ்திரியை டீக்கடையில் உட்காரவைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். கோர்ட் ஹாலில் கடைசி பெஞ்சில் நானும் அவரும் உட்கார்ந்தோம். எங்கள் கேஸ் வர மதியம் ஆகிவிட்டது. மேடம் நன்றாகத்தான் பேசினார். அந்தப் பத்தியை நிறுத்தி நிதானமாகப் படித்தார். ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அக்கா என் கையைக் கிள்ளினார்.

“நல்லாப் போவுதா?”

“போவுதுக்கா.”

பிறகு வீட்டுக்காரரின் வக்கீல் எழுந்தார். வயதானவர், மெலிந்த குரல். சண்டை போடுகிற ஆளாகத் தெரியவில்லை. கையில் நான் எடுத்துக் கொடுத்த அதே பிரிண்ட். நான் ஒட்டிய கலர் காகிதம் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கத்துக்குப் போகவில்லை. அதற்கு முந்தின பக்கத்தைத் திருப்பினார். கடைசி வரியைப் படித்தார். எனக்கே அது புரிந்தது. குடியிருப்பவரின் வக்கீல் பின்வருமாறு வாதிட்டார், என்று அந்த வரி முடிந்தது. அடுத்த பக்கம் முழுக்க அந்த வக்கீல் பேசியது. ஜட்ஜ் சொன்னது இல்லை. பிறகு அவர் ரெண்டு தாள் தள்ளிப் போய் இன்னொரு சின்னப் பத்தியைப் படித்தார். அதில் கஷ்டம் என்ற வார்த்தை இல்லை, கணவன் இல்லை, நோய் இல்லை. மேற்சொன்னது மனதைத் தொடுகிறது, ஆனாலும் ஏற்பதற்கில்லை என்ற மாதிரி ஒரே ஒரு வாக்கியம். நாங்கள் தட்டிய எந்த வார்த்தையும் அதில் இல்லாததால் அம்பு அங்கே நின்றதே இல்லை.

ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. மேடம் தன் கையிலிருந்த செட்டைப் புரட்டிப் பார்த்தார். அந்த வயதான வக்கீல் தலையைக் குனிந்தபடி, “என் சிநேகிதி அவசரத்தில் கவனிக்காமல் விட்டிருக்கலாம்” என்று கோர்ட் வழக்கப்படி இங்கிலீஷில் சொன்னார். மேடத்தின் காது சிவந்தது.

“என்னா தம்பி சொல்றாரு? ஏன் அவங்க பேசாம நிக்கிறாங்க?”

“கொஞ்சம் இருங்கக்கா.”

“என்னான்னு சொல்லேன்.”

“அந்தம்மா தோத்துட்டாங்களாம்க்கா.”

“எந்தம்மா?”

“நம்ம காமிச்சோமே. அவங்க.”

அக்கா முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தார். ஜட்ஜ் மேஸ்திரியின் வயதைக் கேட்டார். டாக்டர் பேப்பரைப் பார்த்தார். கல்மனசுக்காரர் இல்லை. காலி செய்ய மூன்று மாதம் கொடுத்தார், அதற்குள் போய்விடுவதாக எழுதிக் கொடுக்கச் சொன்னார். அவ்வளவுதான். அடுத்த கேஸைக் கூப்பிட்டார்கள்.

வராந்தாவில் மேடம் என்னிடம் பாய்ந்தார். “நீ முழுசா ஓதலில்லவா? ஒரு பக்கம் முன்னாடி!”

“எனக்கு எங்க மேடம் அவ்வளவு இங்கிலீஷ்.”

அவர் நின்றுவிட்டார். கருப்பு கவுனைக் கழற்றி மடித்துக் கையில் போட்டுக்கொண்டார். “கரெக்ட்” என்றார். “நான் ஓதணும். நானும் ஓதலில்லா.” பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, இந்தத் தீர்ப்பு இல்லாவிட்டாலும் இதேதான் ஆகியிருக்கும், இது முதலிலேயே பலமில்லாத கேஸ் என்று சொன்னார். அது உண்மைதான் என்று நினைக்கிறேன். உண்மையாக இருந்ததில் யாருக்கும் ஆறுதல் இல்லை.

அக்கா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. படியில் இறங்கும்போது என்னிடம் கேட்டார். “அப்புறம் அவங்க எங்க போனாங்களாம்?”

“யாருக்கா?”

“அந்தம்மாவும் அவங்க வூட்டுக்காரரும். வூட்டை வுட்டு எறக்கிட்டாங்க இல்ல. எங்க போனாங்க? அதுல எழுதியிருக்குமே.”

அதில் இல்லை என்றேன். நம்பவில்லை. மறுநாள் ஆபீசில் நான் அந்தத் தீர்ப்பை முதலிலிருந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன், புரியாத வார்த்தைகளுக்கு மொபைலில் அர்த்தம் பார்த்துக்கொண்டு. அந்தப் பெண்ணின் பெயரைத் தட்டியும் தேடினேன். வேறெங்கும் அவர் வரவில்லை. தீர்ப்புகள் எல்லாம் ஒரு கட்டத்தில் முடிந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு அந்த ஆட்கள் பாத்திரங்களை எதில் ஏற்றினார்கள் என்று யாரும் எழுதுவதில்லை.

அக்கா நீலசந்திராவுக்குள்ளேயே வீடு தேடினார். அதே தெருவில் இருந்தால் போதும், அதே டீக்கடை, அதே பாய், எல்லோரும் கொஞ்சம் தள்ளிக் கை காட்டினால் அவர் பழகிவிடுவார் என்று நினைத்தார். வீடுகள் இருந்தன. அந்த வாடகை வேறு ஆட்களுக்கான வாடகை. ரெண்டு இடத்தில் மேஸ்திரியைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள். கறிக்கடை பாய் தனக்குத் தெரிந்தவர்களிடம் எல்லாம் சொல்லிவைத்தார். “நம்ம மேஸ்திரி, பாவம், ஒரு தொந்தரவும் இல்ல” என்று. ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் அக்காவோடு முன்பு வேலை செய்த ஒருத்தி, ஊருக்கு வெளியே ஓசூர் ரோட்டில் அத்திபெலேயில் ரூம் இருக்கிறது, பக்கத்து கம்பெனி கேண்டீனில் சமையலுக்கு ஆளும் எடுக்கிறார்கள் என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டெம்போவில் சாமான் ஏற்றினோம். மேஸ்திரி உற்சாகமாக இருந்தார். ஏதோ வேலைக்குத்தான் போகிறோம் என்று நினைத்துவிட்டார். கட்டிலை எப்படி நிறுத்த வேண்டும், கயிறு எங்கே போட வேண்டும் என்று எங்களை விரட்டினார். “இன்னாப்பா முடிச்சு இது? சாரத்துல இப்பிடிக் கட்டுனா ஆள் செத்துருவான்” என்று நான் போட்ட முடிச்சை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். டீக்கடைக்காரர் டம்ளரில் டீ கொண்டுவந்து கொடுத்தார். காசு வாங்கவில்லை.

அத்திபெலேயில் அந்த ரூம் ஒரு வரிசை வீடுகளின் நடுவில் இருந்தது. எல்லாக் கதவும் ஒரே பச்சை. சந்து முனையைத் தாண்டினால் ஹைவே, லாரிகள் நிற்காமல் போகும். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் நான் அங்கே போனேன். அவருக்கு வழி பழக்கிவிட வேண்டும் என்று அக்கா கேட்டிருந்தார். கையைப் பிடித்துக்கொண்டு வாசலிலிருந்து சந்து முனையில் இருந்த பேக்கரி வரை நடப்போம். ஒரு பன் வாங்கித் தருவேன். திரும்பி வருவோம். அதையே மறுபடி. பேக்கரிக்காரரிடமும் சொல்லிவைத்தேன். அவர் நல்ல மனுஷன், ஆனால் கடையில் வாரத்துக்கு ஒரு ஆள் மாறுவான். அந்த வரிசை வீடுகளில் இருந்தவர்களும் அப்படித்தான், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள், ஷிஃப்ட் முடிந்து தூங்குபவர்கள். மேஸ்திரி கதவுகளைப் பார்த்துக்கொண்டே நடப்பார். ஒவ்வொரு பச்சைக் கதவின் முன்னாலும் குனிந்து செருப்பைக் கழற்றப் பார்ப்பார்.

“இங்க இல்ல மேஸ்திரி.”

“இங்க இல்லியா?”

“இன்னும் ரெண்டு வீடு தள்ளி.”

“பாய் கடை எங்க காணோம்?”

“பாய் கடை இங்க இல்ல மேஸ்திரி.”

“லீவா?”

அக்கா கதவுக்கு வேறு கலர் அடிக்கலாமா என்று வீட்டுக்காரரைக் கேட்டார். கூடாது என்றுவிட்டார். கதவில் ஒரு பழைய சிவப்புத் துணியைக் கட்டிப் பார்த்தார். ஒரு வாரம் அது உதவுகிற மாதிரி இருந்தது. பிறகு ஒரு நாள் கேண்டீனில் வேலையாக இருக்கும்போது யாரோ வந்து கூப்பிட்டிருக்கிறார்கள். மேஸ்திரி ஹைவேயின் நடுவில், ரெண்டு பக்கமும் லாரி போக, சிமெண்ட் தடுப்பின் மேல் உட்கார்ந்திருந்தாராம். அடி எதுவும் இல்லை. மறுநாளிலிருந்து அக்கா வேலைக்குப் போகும்போது கதவை வெளியில் பூட்டினார்.

அதை என்னிடம் அவர் அப்போது சொல்லவில்லை. நான் அந்த சமயம் மேடத்தின் ஆபீசை விட்டிருந்தேன். சண்டை எதுவும் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் அம்பை அழுத்தவே கை வரவில்லை. ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், வேலை தேங்கியது. மேடம் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் அப்போதெல்லாம் முழுதாகத்தான் படித்தார் என்று நினைக்கிறேன். நானாகக் கிளம்பிவிட்டேன். ஓசூரில் ஒரு கொரியர் கம்பெனியில் மூட்டை பிரிக்கிற வேலை கிடைத்தது, ஞாயிற்றுக்கிழமையும் போக வேண்டும். அங்கிருந்து அத்திபெலே பக்கம்தான். வாரநாள் ஒன்றில் லீவு கிடைத்தபோது பஸ் ஏறிப் போனேன்.

கதவில் பூட்டு தொங்கியது. அக்கா வர நேரம் இருந்தது. திரும்பிப் போகலாமா என்று நினைத்தபோது ஜன்னலில் மேஸ்திரியின் முகம் தெரிந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். நன்றாகச் சவரம் செய்து, சட்டை போட்டுவிட்டிருந்தார் அக்கா.

“யாருப்பா, வேலைக்கு ஆள் கூப்புட வந்தியா?”

“ஆமா மேஸ்திரி” என்றேன். வேறென்ன சொல்வது.

“எங்க வேலை?”

“பக்கத்துலதான்.”

“சாரம் கட்டியாச்சா?”

“கட்டியாச்சு.”

“யார் கட்டுனா? நல்லாப் பாத்துட்டியா? மொதல்ல அதைப் பாரு” என்றார். பிறகு கதவுப் பக்கம் காட்டி, “தொற, போலாம்” என்றார்.

“சாவி என்கிட்ட இல்ல மேஸ்திரி. அக்கா வரட்டும்.”

சரி என்று தலையாட்டினார். நான் படியில் உட்கார்ந்தேன். அவர் ஜன்னலில் நின்றார். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்டார், நானும் அதே பதில்களைச் சொன்னேன். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பையன் எட்டிப் பார்த்துவிட்டு இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்தான். வெயில் சந்திலிருந்து ஏறிப் போகும்போது அக்கா வந்தார். என்னைப் பார்த்ததும் நடை தளர்ந்தது. சாவியைக் கையில் மறைத்துப் பிடித்துக்கொண்டார்.

“எப்ப வந்தே தம்பி?”

“இப்பதான்க்கா.”

“பூட்டாம எப்பிடிப் போறது சொல்லு.”

“நான் ஒண்ணும் சொல்லலியேக்கா.”

“நீ சொல்லல” என்றார். பூட்டைத் திறந்தார். கதவை விரியத் தள்ளிவிட்டு, “வாய்யா, கொஞ்சம் காத்தாட வெளிய வந்து நில்லு” என்றார் மேஸ்திரியிடம்.

அவர் வாசல் வரை வந்தார். நிலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். பச்சைக் கதவுகள், கொடியில் கம்பெனி யூனிஃபாரம், தூரத்தில் லாரிச் சத்தம். ஒரு காலை எடுத்து வெளியே வைத்தார். அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அதை உள்ளே இழுத்துக்கொண்டு, கட்டிலில் போய் உட்கார்ந்துவிட்டார்.

“ஒரு வாரமா இப்பிடித்தான்” என்றார் அக்கா. “தொறந்து வெச்சாலும் வர்றதில்ல.”

பையிலிருந்து கேண்டீன் சோற்றை எடுத்து மூன்று தட்டில் பிரித்தார். நாங்கள் சாப்பிட்டோம். கதவு திறந்தே இருந்தது.